பிரிவு 38 வலியவர்களின் பட்டியலா?

கேள்வி கேட்டவர் மூன்றாம் ஆண்டு சட்டம் படிக்கும் மாணவி, ஊர் பெருந்துறைப் பக்கம் என்று எழுதியிருக்கிறார். சர்வதேச நீதிமன்றச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் இருப்பவைதான் சர்வதேசச் சட்டத்தின் மூலங்கள் என்று வகுப்பில் நடத்தினார்களாம். அந்தப் பட்டியலே ஐரோப்பியர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது என்று ஒரு கட்டுரையில் படித்திருக்கிறார். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் அப்பாவிடம் கேட்டால், "வல்லான் வகுத்ததே வாய்க்கால், இதுல படிக்கிறதுக்கு என்ன கண்ணு இருக்குது?" என்றாராம். தேர்வில் எதை எழுதுவது, மனதில் எதை நம்புவது என்று கேட்டு முடித்திருக்கிறார்.

பட்டியலில் எதை விட்டுவிட்டார்கள் என்று நீங்கள் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு சட்டம் பிறந்த விதம் நியாயமாக இல்லை என்று தெரிந்த பிறகும் அது நம்மைக் கட்டுப்படுத்துமா என்பதே உங்கள் கேள்வி. சட்டக் கல்லூரியில் பல ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். இப்போது கோவையில் ஏற்றுமதி ஒப்பந்தங்கள், நடுவர் வழக்குகள் என்று தொழில் செய்கிறேன். அந்த இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். போர்ச் சட்டமும் சர்வதேசக் குற்றவியல் சட்டமும் நான் கையாண்ட துறைகள் அல்ல, அதனால் அவற்றுக்குள் போகவில்லை.

முதலில் சர்ச்சைக்கு இடமில்லாதவை. 38-ஆம் பிரிவு நீதிபதிகளுக்கு இடப்பட்ட ஒரு கட்டளை. வழக்கு வந்தால் உடன்படிக்கைகளைப் பார். சட்டமென ஏற்கப்பட்ட பொது நடைமுறைக்குச் சான்றாக நிற்கும் வழக்காற்றைப் பார். 'நாகரிக நாடுகள்' ஒப்புக்கொண்ட சட்டத்தின் பொதுக் கோட்பாடுகளைப் பார். இவற்றைக் கண்டறியத் துணையாகத் தீர்ப்புகளையும் தலைசிறந்த அறிஞர்களின் எழுத்துகளையும் பார். இந்த வாசகம் 1945-ல் ஐ.நா.வோடு சேர்ந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1920-ல் ஹேக் நகரில் கூடிய பத்துச் சட்ட அறிஞர்கள் எழுதியதை 1945-ல் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் ரூட், பிரேசிலின் பெர்னாண்டஸ், ஜப்பானின் அடாச்சி ஆகிய மூவரைத் தவிர மற்ற ஏழு பேரும் ஐரோப்பியர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவரும் இல்லை. பெண்களும் இல்லை. இந்தியா அப்போதே உலக நாடுகள் சங்கத்தில் உறுப்பினர், ஆனால் அதன் குரல் லண்டனில் தீர்மானமானது. ஆக, நீங்கள் படித்த கட்டுரை வரலாற்றைப் பொறுத்தவரை பெருமளவு சரி.

ஆனால் யார் எழுதினார்கள் என்பதோடு விமர்சனம் நின்றுவிட்டால் அதற்குப் பெரிய பலம் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தையும் 1872-ல் வெள்ளைக்காரர்கள்தான் எழுதினார்கள், இன்றைக்கும் திருப்பூரின் வியாபாரம் அதன்மேல்தான் நடக்கிறது. உண்மையான சண்டை பட்டியலில் இல்லை, நிரூபணத்தில் இருக்கிறது. எந்த நாட்டின் செயல் 'நடைமுறை' என்று கணக்கில் வருகிறது? எந்த நாட்டின் மௌனம் 'சம்மதம்' ஆகிறது? எந்த நாட்டின் எதிர்ப்பு வெறும் அரசியல் பேச்சு என்று ஓரங்கட்டப்படுகிறது? ஒவ்வொரு மூலத்தையும் இந்தக் கேள்விகளோடு படித்தால் விமர்சகர்கள் சொல்வதில் எது நிற்கும், எது நிற்காது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உடன்படிக்கையில் தொடங்குவோம். நாடுகள் சம்மதித்துக் கையெழுத்திட்டால் கட்டுப்படும் என்பது பாடம். கொங்கு நாடு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதிலும் உடன்படிக்கைக்குப் பங்கு உண்டு. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலம் சீமையின் பெரும்பகுதியையும் விட்டுக்கொடுத்தார். சொன்னபடி பணம் கட்டுவதற்குப் பிணையாக அவருடைய மகன்கள் இருவரைக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வைத்துக்கொண்டார். 1799-ல் திப்பு போரில் இறந்ததும் கோயமுத்தூர்ச் சீமையும் போனது. இன்று, உடன்படிக்கைகளுக்கான பொது விதிகளை வகுத்த 1969 வியன்னா உடன்படிக்கையின் 52-ஆம் பிரிவுப்படி, ஐ.நா. சாசனத்துக்கு மாறாகப் படைபலத்தைக் காட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது. ஆனால் அந்த விதி பின்னோக்கிப் பாயாது. ஒரு செயலை அது நடந்த காலத்துச் சட்டத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று 1928-ல் பால்மாஸ் தீவு வழக்கில் நடுவர் மாக்ஸ் ஹூபர் சொன்னது இன்றும் விதியாக நிற்கிறது. அந்தக் காலத்துச் சட்டத்தை வகுத்தவர்களும் நாடு பிடித்தவர்களும் ஒரே ஆட்கள் என்பதால், இந்த விதி யாருக்குக் கவசமாகிறது என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. நிலத்தின் எல்லைகள் நிலையாக இருக்க அந்த விதி தேவை என்ற பதிலும் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருந்தாலும், இழந்தவருக்கு அது பதிலாகாது.

படைபலம் மட்டும்தானா வற்புறுத்தல்? வியன்னா மாநாட்டில் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள் பல, பொருளாதார அழுத்தத்தையும் 52-ஆம் பிரிவில் சேர்க்கச் சொல்லிப் போராடின. பணக்கார நாடுகள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அது சட்டப்பிரிவாகாமல், மாநாட்டின் இறுதி ஆவணத்தோடு இணைத்த ஒரு பிரகடனமாக நின்றுபோனது. இதன் விளைவை உங்கள் அப்பா தலைமுறை நேரில் பார்த்திருக்கும். திருப்பூரில் 'கோட்டா' என்ற சொல்லைத் தெரியாத பழைய ஏற்றுமதியாளர் இருக்க முடியாது. இறக்குமதியை எண்ணிக்கை வைத்துத் தடுக்கக் கூடாது என்பது காட் என்ற பன்னாட்டு வர்த்தக உடன்படிக்கையின் அடிப்படை விதிகளில் ஒன்று. துணிக்கும் ஆடைக்கும் மட்டும் அந்த விதியை ஒதுக்கிவைத்து, 1974 முதல் 1994 வரை பல்லிழை உடன்பாடு என்ற தனி ஏற்பாடு நடந்தது. இத்தனை டீ ஷர்ட் அமெரிக்காவுக்கு, இத்தனை ஐரோப்பாவுக்கு என்று நாட்டுவாரியாக அளவு வைத்தார்கள். அந்த அளவை ஏ.இ.பி.சி. என்ற ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் மூலம் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்த பிறகும் உடனே போகவில்லை. பத்து ஆண்டுகளில் படிப்படியாகத் தளர்த்தி 2005 ஜனவரி 1-ல்தான் முடிந்தது. இதில் இந்தியாவின் கையெழுத்து இருக்கிறது, சம்மதம் இருக்கிறது. கையெழுத்திடாமல் இருந்திருந்தால் ஒருதலைப்பட்சமான தடை வந்திருக்கும் என்ற பயமும் இருந்தது. சம்மதம் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று விமர்சகர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

கோயமுத்தூர்க்காரர் ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார். 1944-ல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தார். போருக்காகப் பிரிட்டன் இந்தியாவிடம் பட்ட ஸ்டெர்லிங் கடன் பெரிய தொகை. அதைத் தீர்க்கும் வழியைப் புதிய பன்னாட்டு நிதியத்தின் சட்டத்திலேயே வைக்க வேண்டும் என்று இந்தியக் குழு வாதாடியது. பிரிட்டனும் அமெரிக்காவும் மறுத்துவிட்டன. அந்த உடன்படிக்கை இன்றும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது, வாக்குரிமை அதில் நாட்டின் ஒதுக்கீட்டுத் தொகையைப் பொறுத்தது. ஆனாலும் அதில் உட்கார்ந்து வாதாட நமக்கு ஓர் இடமாவது இருந்தது. வழக்காற்றில் அதுகூட இல்லை.

வழக்காறுதான் விமர்சனம் மிகக் கூர்மையாக விழும் இடம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். வழக்காற்றுச் சட்டத்துக்கு இரண்டு வேண்டும்: நாடுகளின் பொதுவான நடைமுறை, அது சட்டக் கடமை என்ற நம்பிக்கை. பின்னதை ஒப்பீனியோ ஜூரிஸ் என்று படித்திருப்பீர்கள். இரண்டையும் யாருடைய ஆவணத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகள் தங்கள் நடைமுறையை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடுகின்றன. பெரும்பாலான ஏழை நாடுகளில் அப்படி ஒரு தொகுப்பே கிடையாது. நீதிபதியின் மேசையில் இருப்பது சான்றாகிறது, ஏதோ ஒரு அமைச்சகத்தின் அலமாரியில் கிடப்பது சான்றாவதில்லை. இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை, ஆனாலும் விளைவு ஒன்றுதான்.

இரண்டு அறிவிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1945 செப்டம்பர் 28-ல் அமெரிக்க அதிபர் ட்ரூமன், தங்கள் கரையை ஒட்டிய கண்டத்திட்டின், அதாவது கடலுக்கடியில் நீளும் நிலப்பகுதியின், அடியிலுள்ள இயற்கை வளம் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று அறிவித்தார். அதற்கு முன் அப்படி ஒரு சட்டம் இல்லை. 1958-க்குள் அது ஜெனீவா உடன்படிக்கை ஆகிவிட்டது. 1969-ல் வடகடல் கண்டத்திட்டு வழக்கில் சர்வதேச நீதிமன்றம், இந்தத் துறையின் சட்டத்துக்கே தொடக்கப்புள்ளியாக அந்த அறிவிப்பு கருதப்பட்டது என்று எழுதியது. அடுத்தது, 1952-ல் சிலி, ஈக்வடார், பெரு மூன்றும் சான்டியாகோவில் கூடி, கரையிலிருந்து 200 கடல் மைல் வரை எங்கள் உரிமை என்று அறிவித்தன. கடற்படை வைத்திருந்த நாடுகள் அதைச் சட்டமீறல் என்றன. 200 மைல் என்பது பொருளாதார மண்டலமாக ஏற்கப்பட 1982 கடல் சட்ட உடன்படிக்கைவரை காத்திருக்க வேண்டியிருந்தது. வலியவர் செய்தால் அது புதிய சட்டம், எளியவர் செய்தால் பழைய சட்டத்தை மீறுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ட்ரூமன் அறிவிப்பு கடலோர நாடுகள் எல்லாவற்றுக்கும் லாபம், அதனால் பின்பற்ற எளிது. 200 மைல் கோரிக்கை மற்றவர்களின் மீன்பிடியையும் கப்பல் போக்குவரத்தையும் தொட்டது. வித்தியாசம் முழுவதும் பலத்தால் வந்தது என்று சொன்னால் மிகைப்படுத்தல். எவ்வளவு பங்கு பலத்தால் என்பதை அளந்து சொல்ல யாராலும் முடியாது.

நம் நாடே தரப்பாக நின்ற வழக்கு ஒன்று இருக்கிறது, பாடநூல்கள் அதை இரண்டு வரியில் தாண்டிப் போகின்றன. இந்திய மண்ணுக்கு நடுவே தன் ஆட்சியில் இருந்த தாத்ரா, நாகர் ஹவேலிக்குள் போக இந்திய மண் வழியாக உரிமை உண்டு என்று போர்ச்சுகல் வழக்குப் போட்டது. 1960-ல் தீர்ப்பு வந்தது. போர்ச்சுகல் காட்டிய முதல் ஆதாரம் 1779-ல் மராட்டியர்களோடு செய்த உடன்படிக்கை. மராட்டியர்கள் கொடுத்தது வருவாய் எடுத்துக்கொள்ளும் உரிமைதான், இறையாண்மை அல்ல என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அப்புறம் போர்ச்சுகலுக்கு இறையாண்மை எங்கிருந்து வந்தது? பின்னால் வந்த பிரிட்டிஷார் அந்தக் கிராமங்களில் போர்ச்சுகலை இறையாளராக நடைமுறையில் ஏற்றார்கள், இந்தியாவும் அதை அப்படியே விட்டது என்பது தீர்ப்பின் விடை. பிரிட்டனும் போர்ச்சுகலும் தங்களுக்குள் நூறாண்டுக்கும் மேல் கடைப்பிடித்த நடைமுறை இரு நாட்டு வழக்காறு ஆனது, சுதந்திர இந்தியா அதற்கு வாரிசானது. தனிநபர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் சரக்குக்கும் வழி உண்டு. ராணுவத்துக்கும் ஆயுதப் போலீசுக்கும் ஆயுதங்களுக்கும் இல்லை. 1954-ல் இந்தியா வழியை நிறுத்தியது விதிமீறல் ஆகாது என்று முடித்தார்கள். பலனைப் பார்த்தால் இந்தியாவுக்குப் பெரிய பாதகம் இல்லை. காரணத்தைப் பாருங்கள்: இரண்டு காலனி அரசுகளின் பழக்கம், இரண்டாலும் ஆளப்பட்ட மக்களுக்குச் சட்டமாகிவிட்டது. அந்த மக்களின் பழக்கம் எங்கேயும் எண்ணப்படவில்லை. இந்தியா சார்பில் நியமிக்கப்பட்ட தனி நீதிபதி எம்.சி. சாக்ளா மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

மூன்றாம் உலக அணுகுமுறை என்று அறியப்படும் அறிஞர்கள் இதைத்தான் கோட்பாடாக வளர்த்தார்கள். இந்தியாவில் ஆர்.பி. ஆனந்த், பிறகு பி.எஸ். சிம்னி, இலங்கையில் பிறந்த ஆண்டனி ஆங்கி. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு தான் பிறப்பதற்கு முன் உருவான வழக்காறு அத்தனைக்கும் கட்டுப்பட வேண்டும் என்பது எப்படி நியாயம் என்று ஆனந்த் தலைமுறை கேட்டது. ஒரு விதி உருவாகும்போதே விடாமல் எதிர்த்து வந்த நாட்டுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். விதி உருவானபோது நாம் நாடாகவே இல்லையே, எப்படி எதிர்த்திருப்போம்? ஆங்கி இன்னும் ஆழமாகப் போகிறார். இறையாண்மை என்ற கருத்தே ஐரோப்பாவில் முழுமையாக உருவாகிப் பிறகு மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது அல்ல, காலனிகளோடு மோதிய மோதலில்தான் அது வடிவம் எடுத்தது என்பது அவர் வாதம். வாதம் வலுவானதுதான். ஆனாலும் ஒவ்வொரு விதியையும் அதற்குள் அடக்க முயன்றால் திணறும்.

மௌனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு நடைமுறைக்கு நீண்டகாலம் எதிர்ப்பு தெரிவிக்காமல் இருந்தால் அதைச் சம்மதத்துக்குச் சான்றாக எடுக்கலாம் என்பது பழைய நிலை. வெளியுறவுத் துறையில் விரல்விட்டு எண்ணும் வழக்கறிஞர்களை வைத்திருக்கும் தீவு நாடு, உலகில் நடக்கும் எல்லாவற்றுக்கும் எதிர்ப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? இந்த விமர்சனம் வீண்போகவில்லை. ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையம் 2018-ல் முடித்த வழக்காறு பற்றிய முடிவுரைகளில், அந்த நாடு எதிர்வினை செய்யக்கூடிய நிலையில் இருந்திருக்க வேண்டும், சூழ்நிலையும் எதிர்வினையைக் கோருவதாக இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது.

பொதுக் கோட்பாடுகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு சம்பவமே போதும். 1951-ல் அபுதாபி ஷேக்குக்கும் ஒரு எண்ணெய்க் கம்பெனிக்கும் இடையே நடந்த நடுவர் வழக்கில், ஒப்பந்தம் நடந்த இடத்துச் சட்டம்தான் இயல்பாகப் பொருந்தும் என்று ஆஸ்க்வித் பிரபு ஒப்புக்கொண்டார். அடுத்த மூச்சிலேயே, அந்தப் பின்தங்கிய பகுதியில் நவீன வணிக ஆவணங்களுக்குப் பொருந்தும் சட்டம் ஏதும் இருக்க முடியாது என்று ஒதுக்கிவிட்டு, எல்லா நாகரிக நாடுகளுக்கும் பொதுவானது என்று சொல்லிக் கடைசியில் ஆங்கிலச் சட்டத்தின் விதிகளைப் பொருத்தினார். இஸ்லாமியச் சட்டத்தில் ஒப்பந்தம் பற்றி ஆயிரமாண்டு அறிவு இருக்கிறது. 'நாகரிக நாடுகள்' என்ற சொல்லை 1969-லேயே லெபனான் நீதிபதி அம்மூன் கடுமையாகக் கண்டித்தார். இன்று ஆணையத்தின் வரைவு 'நாடுகளின் சமூகம்' என்று எழுதுகிறது. 38-ஆம் பிரிவில் மட்டும் பழைய சொல் அப்படியே நிற்கிறது.

இதுவரை படித்தால் உங்கள் அப்பா சொன்னது முழுக்கச் சரி என்று தோன்றும். அங்கேதான் நான் அவரோடு முழுவதும் ஒத்துப்போக முடியாமல் நிற்கிறேன். ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானங்கள் கட்டுப்படுத்தாது, பரிந்துரை மட்டுமே என்பது பாடம். 1974-ல் நாடுகளின் பொருளாதார உரிமைகள், கடமைகள் சாசனத்துக்கு 120 நாடுகள் வாக்களித்தன, 6 எதிர்த்தன, 10 ஒதுங்கின. 1977-ல் லிபிய எண்ணெய் நடுவர் வழக்கில் ரெனே ழான் டூப்புய், முக்கியத் தொழில் நாடுகள் ஏற்கவில்லை என்பதால் அந்தச் சாசனம் வழக்காற்றைக் காட்டாது என்றார். நூற்றிருபது நாடுகள் போதவில்லை. இதே அளவுகோலை வைத்து 1960-ன் காலனி ஒழிப்புத் தீர்மானத்தைப் பாருங்கள். 89 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு இல்லை, 9 நாடுகள் ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், போர்ச்சுகல், ஸ்பெயின், பெல்ஜியம் எல்லாம் உண்டு. இந்த விஷயத்தில் இவர்களைவிட 'முக்கிய' நாடுகள் வேறு யார்? ஆனாலும் 2019-ல் சாகோஸ் தீவுகள் கருத்துரையில் சர்வதேச நீதிமன்றம், 1960-களிலேயே சுயநிர்ணய உரிமை வழக்காற்றுச் சட்டம் ஆகிவிட்டது, அந்தத் தீர்மானம் அதை எடுத்துக்காட்டியது என்று சொன்னது. மொரீஷியஸிலிருந்து அந்தத் தீவுகளைப் பிரித்தது முறையல்ல என்று பிரிட்டனிடம் சொன்னது. வலியவர்கள் விரும்பாத விதியும் சட்டமாகலாம் என்பதற்கு இது சான்று. பணத்தைத் தொடும் விதிக்கும் அரசியல் சுதந்திரத்தைத் தொடும் விதிக்கும் நிரூபண அளவு ஏன் மாறுகிறது என்பதுதான் நல்ல ஆய்வுக் கேள்வி.

பெண்ணிய விமர்சனத்தைப் பாடத்திட்டம் தொடுவதே இல்லை, அது குறை. 1991-ல் ஹிலரி சார்ல்ஸ்வொர்த், கிறிஸ்டின் சின்கின், ஷெல்லி ரைட் மூவரும் எழுதிய கட்டுரை, அரசின் செயலை மட்டும் எண்ணும் சட்டம் வீட்டுக்குள்ளும் வேலையிடத்திலும் பெண்ணுக்கு நடப்பதைக் காணாமல் போகிறது என்று காட்டியது. 1984 சித்திரவதை உடன்படிக்கையில்கூட அரசு அலுவலரின் தொடர்பு இருந்தால்தான் அது சித்திரவதை. 1995-ல் ரோசலின் ஹிக்கின்ஸ் வரும்வரை சர்வதேச நீதிமன்றத்துக்கு ஒரு பெண் நீதிபதிகூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. சார்ல்ஸ்வொர்த் இன்று அதே நீதிமன்றத்தின் நீதிபதி. நம் ஊரில் இதன் தடம் எங்கே என்றால், மில் வாசலில் மாட்டியிருக்கும் உள்ளகப் புகார்க் குழுப் பலகையில். வேலையிடத்துப் பாலியல் தொல்லை பற்றிய 1997 விசாகா வழக்கில், இந்தியா 1993-ல் ஏற்ற பெண்களுக்கு எதிரான பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையை, நாடாளுமன்றம் தனிச் சட்டம் போடாதபோதும், உச்ச நீதிமன்றம் எடுத்துப் பயன்படுத்தியது. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம் அதிலிருந்து வந்தது.

38-ஆம் பிரிவில் இல்லாமலே நம்மை ஆளுபவையும் உண்டு. உங்கள் அப்பாவின் எல்.சி., அதாவது வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம், எந்தச் சட்டப்படி நடக்கிறது என்று கேளுங்கள். பாரிஸில் உள்ள பன்னாட்டு வணிகக் கழகம் வெளியிட்ட யு.சி.பி. 600, 2007 ஜூலையிலிருந்து. எந்த நாடாளுமன்றமும் அதை இயற்றவில்லை. ஆவணங்களைப் பார்க்க வங்கிக்கு ஐந்து வங்கி நாள் அவகாசம். பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ரசீதில் சரக்கு விவரம் எல்.சி.யோடு முரண்பட்டால் 'டிஸ்க்ரிபன்சி' என்று திருப்பிவிடலாம், சரக்கு துறைமுகத்தில் நின்றாலும் சரி. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில், கடைசியில் மொத்தத் தொகை தருகிறோம் என்று வேலைக்கு வைத்தது உங்களுக்குத் தெரியும். கட்டாய உழைப்புக்கு எதிரான 1930 உடன்படிக்கையை இந்தியா 1954-லேயே ஏற்றுவிட்டது. ஆனால் நான் பார்த்தவரை மில்களில் அசைவை உண்டாக்கியது அந்த உடன்படிக்கையைவிட, வெளிநாட்டுப் பையர், அதாவது சரக்கு வாங்கும் நிறுவனம், அனுப்பிய நடத்தை விதியும் தணிக்கையும்தான். இவற்றைச் சட்டம் என்று அழைக்கலாமா என்பதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. சட்டம் என்று சொல்லிவிட்டால் பையரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி வரும் என்பதால், எனக்குத் தயக்கம் உண்டு.

இனி நொய்யலுக்கு வருகிறேன், எல்லா நூலும் முடிச்சுப் போடுவது இங்கேதான். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு தோல் தொழிற்சாலைகளைப் பற்றியது. அதில் ஈரோடு மாவட்டமும் உண்டு. கேடு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடும் நிலைத்த வளர்ச்சியின் அங்கங்கள் என்றார் நீதிபதி குல்தீப் சிங். நிலைத்த வளர்ச்சி சர்வதேச வழக்காற்றுச் சட்டம் ஆகிவிட்டது, அதன் முக்கியக் கூறுகளை அறிஞர்கள் இன்னும் முடிவுசெய்யவில்லை என்றாலும், என்று ஒரே வாக்கியத்தில் எழுதினார். அந்த வாக்கியத்தை மெதுவாகப் படியுங்கள். எத்தனை நாடுகளின் நடைமுறை பார்க்கப்பட்டது? ஒப்பீனியோ ஜூரிஸ் எங்கே? ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடுகளின் ஸ்டாக்ஹோம், ரியோ பிரகடனங்கள்தான் மேற்கோள். வழக்காறு என்று சொன்னவுடன், அதை உள்நாட்டுச் சட்டமாக ஏற்பதில் சிரமம் இல்லை என்று முடித்துவிட்டார். பாடநூல் முறைப்படி பார்த்தால் இந்த நிரூபணத்துக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன். இரண்டு ஆண்டு கழித்து 1998-ல் ஹார்மோன் மாட்டிறைச்சி வழக்கில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு வழக்காறா என்று முடிவுசெய்யத் தேவையில்லை என்று ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் வேலூர்த் தீர்ப்பு என்ன செய்தது என்று பாருங்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அணையைத் திறந்தாலும் கேடு, மூடினாலும் கேடு என்று விவசாயிகள் நின்றார்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்த ஆற்றுப் பாசன விவசாயிகள், வழக்குப் போட்டபோது அவர்கள் கையில் இருந்த வலுவான ஆயுதம் மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடு. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது, 2009-ல் சாயப்பட்டறை உரிமையாளர் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதிசெய்தது, 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடும் உத்தரவு வந்தது. இந்தக் கோட்பாடு முதலில் எங்கே எழுதப்பட்டது? 1972-ல் ஓ.இ.சி.டி. என்ற பணக்கார நாடுகளின் அமைப்பு, தங்களுக்குள் வர்த்தகப் போட்டி குழம்பாமல் இருக்கப் பரிந்துரைத்தது. சென்னிமலைப் பக்கத்து விவசாயியை மனதில் வைத்து யாரும் அதை எழுதவில்லை. பட்டறை மூடியதில் வேலை இழந்த கூலித் தொழிலாளர்களை மனதில் வைத்தும் எழுதவில்லை. அவர்கள் தரப்பைக் கேட்க அந்த வழக்கில் இடம் குறைவாகவே இருந்தது.

அதனால்தான் பிறந்த இடத்தை வைத்து ஒரு விதியை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பின்லாந்து அறிஞர் மார்ட்டி கோஸ்கன்னியெமி 1989-ல் சொன்ன வாதம் இங்கே உதவும். நாடுகளின் நடைமுறையை ஒட்டியே போனால் சட்டம் பலத்துக்குச் சாக்காகிவிடும். விலகிப் போனால் வெறும் ஆசையாகிவிடும். ஒவ்வொரு வாதமும் இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அவர் விவரிப்பு சரி என்றே நினைக்கிறேன். அதிலிருந்து சிலர் போவதுபோல், ஆகவே எதையும் எப்படியும் வாதிடலாம் என்ற முடிவுக்குப் போக வேண்டியதில்லை. தாத்ரா வழக்கில் ராணுவத்துக்கு வழி இல்லை என்று முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டதற்கான ஆவணம் இருந்தது. சான்று இருந்த இடத்தில் தீர்ப்பு அதன்படி போனது.

தேர்வுக்கு இப்படி எழுதுங்கள். 38-ஆம் பிரிவை முழுமையாக, வரிசை மாறாமல் எழுதிவிடுங்கள். மதிப்பெண் அதில் தொடங்குகிறது. அடுத்து, அந்தப் பிரிவு நீதிமன்றத்துக்கான வழிகாட்டியே தவிர எல்லா மூலங்களின் முடிந்த பட்டியல் அல்ல என்று ஒரு வரி. விமர்சனத்தைத் தனிப் பத்தியாகக் கடைசியில் ஒட்டாமல், வழக்காற்றை விளக்கும்போதே ட்ரூமன், சான்டியாகோ இரண்டையும் வையுங்கள். இந்திய வழக்குகளில் வேலூர், விசாகா இரண்டும் கட்டாயம். முதலில் படிக்க வேண்டியது 1960 தாத்ரா தீர்ப்பு, அதோடு சாக்ளாவின் மாறுபட்ட தீர்ப்பு. இரண்டையும் சர்வதேச நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். பிறகு 2018 ஆணைய முடிவுரைகள், அவை சில பக்கங்கள்தான்.

இன்னொன்று, மாணவர்கள் அடிக்கடி தவறும் இடம். வியன்னா உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் இந்திய நீதிமன்றங்களில் அது பொருந்தாது என்று எழுதிவிடாதீர்கள். 2011 ராம் ஜெத்மலானி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாம் சேராவிட்டாலும் அதிலுள்ள பல விதிகள் வழக்காற்றுச் சட்டம் என்று சொல்லி, இந்தியா ஜெர்மனியோடு செய்த வரி உடன்படிக்கைக்குப் பொருள்கொள்ள அதன் 31-ஆம் பிரிவைப் பயன்படுத்தியது.